தேய்மானம்: இடுப்பு மூட்டுக்குள் ஒரு வேதியியல் கதை

மதுரையில் ஓர் ஆர்த்தோ டாக்டரின் மேசையில் பேப்பர் வெயிட் மாதிரி ஒரு செயற்கை இடுப்பு மூட்டு கிடந்தது. அத்தையின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகிய டாக்டர், "பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு போச்சும்மா. இப்ப மூட்டு முழுக்கத் தேய்மானம். மாத்துறதுதான் வழி" என்றார். அத்தை மேசையில் கிடந்ததைக் கையில் எடுத்தார். சின்ன எலுமிச்சை அளவில் ஒரு பளபளப்பான பந்து. அதற்குக் குல்லா போட்ட மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். கீழே, தொடை எலும்புக்குள் இறங்க ஒரு தண்டு. கிண்ணத்துக்குள் பந்தை இரண்டு சுற்று உருட்டிப் பார்த்துவிட்டு, "இது தேயாதா சார்?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். "தேயும்மா. மெதுவாத் தேயும்."

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்றதும் நமக்கு எலும்பும் ரம்பமும் சுத்தியலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆபரேஷன் தியேட்டருக்குள் அதெல்லாம் உண்டுதான். ஆனால் இந்தச் சிகிச்சையின் அறுபது ஆண்டு வரலாற்றில் திருப்பம் ஏற்பட்ட இடங்களைப் பார்த்தால், கத்தி பிடித்த கையைவிட, 'எந்தப் பொருள் எதோடு உரசினால் என்ன உதிரும்' என்ற கேள்விதான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. மூட்டு பெரும்பாலும் உடைந்து தோற்கவில்லை. உதிர்ந்த தூளால் தோற்றது.

முயற்சிகள் பழையவை. பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற மருத்துவர் 1890 வாக்கில் யானைத் தந்தத்தில் மூட்டு கடைந்து காசநோயாளிகளுக்கு வைத்தார். நோய்த்தொற்றில் அவை நிலைக்கவில்லை. 1923இல் பாஸ்டனில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடியில் ஒரு கிண்ணம் செய்து தொடை எலும்பின் தலைமேல் கவிழ்த்தார். கண்ணாடி என்ன செய்யுமோ அதைச் செய்தது. 1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பந்து செய்தார்கள். வைத்த புதிதில் நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். கொஞ்ச நாளில் பந்து தேய்ந்தது, ஆடியது. அப்படி ஒருவருக்கு, குனிந்து நிமிரும்போதெல்லாம் மூட்டு துருப்பிடித்த கதவு போலக் கிறீச்சிட்டதாம். வீட்டுக்காரம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கிறீச்சொலியைப் பிடித்துக்கொண்டவர் ஜான் சார்ன்லி. 1911இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். ரைட்டிங்டன் என்ற ஊரில் பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றைத் தன் ஆராய்ச்சிக் களமாக்கிக்கொண்டவர். சத்தம் வருகிறது என்றால் உராய்வு அதிகம், உராய்வு அதிகம் என்றால் அந்த இழுவிசையே மூட்டை எலும்பிலிருந்து பிடுங்கித் தளர்த்தும். இதுதான் அவருடைய கணக்கு. விலங்குகளின் மூட்டுகளை எடுத்து அளந்து பார்த்தார். குருத்தெலும்பு குருத்தெலும்பின்மேல் நழுவுவது, பனிக்கட்டிமேல் சறுக்குக் காலணி நழுவுவதைவிடச் சுலபம் என்று தெரிந்தது. உலோகமும் அக்ரிலிக்கும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியானால் தானாகவே வழுக்குகிற பொருள் ஒன்று வேண்டும்.

அப்படி ஒரு பொருள் கையில் இருந்தது. இன்று நம் வீட்டு நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசியிருக்கும் டெஃப்ளான். 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளோரின் அணுக்கள் கவசமாக நிற்பதால் எதுவும் அதில் ஒட்டாது, எதோடும் அது வினைபுரியாது. உடம்புக்குள் வைக்க இதைவிடச் சாதுவான பொருள் கிடைக்குமா என்று யாருக்கும் தோன்றியிருக்கும். 1958இலிருந்து நாலு ஆண்டுகளில் ஏறத்தாழ 300 பேருக்கு டெஃப்ளான் கிண்ணம் வைத்தார் சார்ன்லி. வருஷக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு. மெழுகை விரலால் தடவினால் வழுக்கும். நாலு முறை தடவினால் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். டெஃப்ளான் கிண்ணம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் தேய்ந்தது. உலோகப் பந்து கிண்ணத்துக்குள் குடைந்துகொண்டு ஏறியது. மூட்டைத் திறந்து பார்த்தபோது பாலாடைக்கட்டி போல ஒரு வஸ்து நிரம்பிக் கிடந்தது. உதிர்ந்த தூளை விழுங்கி ஜீரணிக்க முடியாமல் உடம்பு செய்த பதில் அது. எதோடும் வினைபுரியாது என்று ரசாயனப் புத்தகம் சொன்ன பொருள், பெருங்கட்டியாக இருக்கும்வரைதான் சாது. தூளானதும் உடம்புக்கு எதிரி.

சார்ன்லி இதை எப்படி உறுதிப்படுத்திக்கொண்டார் என்பதைக் கேட்டால் இன்றைய நெறிமுறைக் குழுக்கள் மயங்கி விழும். டெஃப்ளானைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. 1963இல் 'லான்செட்' மருத்துவ இதழுக்கு அதைக் கடிதமாகவும் எழுதினார். தோல்வியை மறைக்காத மனிதர் என்று இவரைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டட்டும். ஆனால் முதலில் பத்துப் பேருக்கு வைத்து மூன்று ஆண்டு காத்திருந்தால் 290 பேர் தப்பித்திருப்பார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த திருப்பம் நெசவுத் தறியிலிருந்து வந்தது. 1962இல் ஒரு விற்பனைப் பிரதிநிதி ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர் அப்போதும் பஞ்சாலை நாடு. அங்கே விசைத்தறிகளின் பல்சக்கரங்களுக்கு ஒரு புதிய பிளாஸ்டிக் போட ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒரு துண்டை அவர் கொண்டுவந்திருந்தார். மிக நீண்ட சங்கிலி கொண்ட பாலிதீன். கடைக்காரர் காய்கறி போட்டுத் தரும் பைக்கும் இதற்கும் அடிப்படை அணுக்கட்டு ஒன்றுதான், இரண்டு கார்பனுக்கு நாலு ஹைட்ரஜன். வித்தியாசம் சங்கிலியின் நீளத்தில். பையில் இருப்பது சின்னச் சின்ன நூல்துண்டு என்றால் இதில் இருப்பது ஊர் நீளத்துக்கு நூல். நீளமான நூல்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் ஒரு நூலை மட்டும் உருவி எடுப்பது கடினம். அதுதான் அதன் கெட்டித்தன்மை.

சார்ன்லி அந்தத் துண்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். தடம் விழுந்தது. இவ்வளவு மெத்தென்று இருப்பது எதற்கு உதவும் என்று போய்விட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் மட்டும் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்த நேரத்தில், தான் கட்டிய தேய்மானச் சோதனை எந்திரத்தில் அந்தத் துண்டை மாட்டி ஓடவிட்டார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்ளான் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது தேய்ந்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் முதல் பாலிதீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குள் போனது. அத்தை கையில் உருட்டிப் பார்த்ததும் அந்தக் குடும்பத்துக் கிண்ணம்தான்.

பந்தின் அளவிலும் ஒரு கணக்கு உண்டு. நம் உடம்பின் சொந்தப் பந்து 45 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். சார்ன்லி வைத்ததோ 22.225 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்தில் எட்டில் ஏழு பாகம், நெல்லிக்காய் அளவு. பந்து சின்னதானால் அதன் உராய்வு கிண்ணத்தைத் திருகும் விசை குறையும், கிண்ணத்தின் சுவரைத் தடிமனாக வைக்க இடமும் கிடைக்கும். இதைவிட முக்கியம் உதிரும் தூளின் கனஅளவு. இரண்டு பந்துகளும் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழம் குடைகின்றன என்று வைத்துக்கொண்டால், குழியின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தில் ஏறும். 32 மில்லிமீட்டர் பந்து 22 மில்லிமீட்டர் பந்தைவிட இரண்டு மடங்கு தூளை உதிர்க்கும். சின்னப் பந்துக்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 40 கன மில்லிமீட்டர் வருகிறது. இரண்டு மூன்று அரிசிமணி அளவு பிளாஸ்டிக். அந்த அரிசிமணி முழு மணியாக உதிர்ந்தால் கவலையே இல்லை. மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்களாக, ஓர் அடி எடுத்து வைத்தால் லட்சக்கணக்கில் உதிர்கிறது. அங்கேதான் வம்பு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கிண்ணமும் பந்தும் கிடைத்துவிட்டன. எலும்போடு அவற்றைப் பிடித்துவைப்பது எது? திருகாணி போட்டால் நாளடைவில் ஆடும். இங்கே கைகொடுத்தது பல் செட். மான்செஸ்டரில் பல் மருத்துவப் பொருள்களின் வேதியியலில் வேலைசெய்துகொண்டிருந்த டென்னிஸ் ஸ்மித், பல் செட்டின் இளஞ்சிவப்பு ஈறு செய்யும் அக்ரிலிக்கைச் சுட்டிக்காட்டினார். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1933இல் கண்ணாடிக்கு மாற்றாகச் சந்தைக்குக் கொண்டுவந்த அதே பிளாஸ்டிக். இதே பொருள்தான், உலகப் போரில் விமானங்களின் கண்ணாடிக்கூரை நொறுங்கி விமானிகளின் கண்ணுக்குள் தெறித்தும் கண் புண்ணாகாததைக் கவனித்த ஹரோல்ட் ரிட்லியை, 1949இல் லண்டனில் கண்ணுக்குள் வைக்கும் முதல் லென்ஸைச் செய்ய வைத்தது. மதுரையில் 1992இல் தொடங்கிய அரோலேப் அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது தனிக்கதை. இங்கே அதைச் சொல்லக் காரணம், நம்மூர்த் தெருவில் இதே பிளாஸ்டிக் கண்ணில் ஒருவருக்கும் வாயில் ஒருவருக்கும் இடுப்பில் ஒருவருக்குமாக நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதுதான்.

தியேட்டரில் இதைக் கலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். 40 கிராம் வெள்ளைத் தூள் ஒரு பொட்டலத்தில், 20 மில்லி திரவம் ஒரு கண்ணாடிக் குப்பியில். தூளில் ஏற்கெனவே பாலிமராக்கிய மிகச் சிறு உருண்டைகள், வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்குப் பேரியம் சல்ஃபேட். திரவத்தில் மோனோமர் (இன்னும் சங்கிலியாகக் கோக்காத தனி மூலக்கூறுகள்), வினையை முடுக்கிவிடும் ஓர் அமீன், குப்பிக்குள்ளேயே கெட்டியாகிவிடாமல் காக்கும் ஹைட்ரோகுயினோன். இரண்டும் சேர்ந்ததும் பல் செட் லேபில் அடிக்கும் அதே நெடி மூக்கில் ஏறும். முதலில் தோசைமாவு. இரண்டு மூன்று நிமிஷத்தில் சப்பாத்திமாவு. கையுறையில் ஒட்டாமல் வரத் தொடங்கும் நொடிதான் எலும்புக்குள் வைக்கும் நொடி. முந்தினால் ஒழுகும், பிந்தினால் தண்டு இறங்காது. தியேட்டர் ஏசி சரியில்லை என்றால் சீக்கிரமே இறுகும், குளிரென்றால் தாமதம். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கல். "சிமெண்ட் போடறேன்" என்று சர்ஜன் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அந்த நேரத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்.

சிமெண்ட் என்ற பெயர் சரியான பெயர். இது பசை இல்லை, எலும்போடு ஒட்டாது. கதவு நிலை வைக்கும் கொத்தனார் சுவருக்கும் நிலைக்கும் நடுவே கலவையைத் திணிப்பது போல, எலும்பின் பஞ்சுத் துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பாரத்தைப் பரப்பி எலும்புக்குத் தருகிறது. சார்ன்லிக்கு முன்பே சிலர் அக்ரிலிக்கை எலும்பில் முயன்றிருக்கிறார்கள்; தண்டு முழுவதையும் சுற்றி இப்படி நிரப்ப வேண்டும் என்று நிறுவியவர் அவர். 1970இல் ஹாம்பர்க்கில் பூக்ஹோல்ஸ் குழு இதே கலவையில் ஜென்டாமைசினைக் கலந்து, நோய்த்தொற்றுக்கு எதிரான மருந்துக் கிடங்காகவும் அதை மாற்றியது.

இறுகும்போது சிமெண்ட் சுடும். ஆய்வகத்தில் அளந்தால் 80 டிகிரியைத் தாண்டலாம். உடம்புக்குள் மெல்லிய படலமாக இருப்பதாலும் ரத்தம் ஓடுவதாலும் அவ்வளவு ஏறுவதில்லை. இருந்தாலும் இந்தச் சூடு எலும்பைச் சுட்டுவிடுமோ என்ற கவலை பல ஆண்டுகள் இருந்தது. அந்தக் கவலையில் பிறந்ததுதான் போன்லாக் என்ற புது வகைச் சிமெண்ட். வழக்கமான மோனோமரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்தார்கள். சூடு குறைந்தது, கசியும் மோனோமரும் குறைந்தது. காகிதத்தில் எல்லாம் முன்னேற்றம். ஆனால் சிமெண்டே வலுவிழந்துபோனது. 1990களின் தொடக்கத்தில் இதை வைத்தவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டிலேயே மூட்டு தளர்ந்தது. இதைச் சீக்கிரமே மோப்பம் பிடித்தது நார்வேயின் மூட்டு மாற்றுப் பதிவேடு. 1987இலிருந்து நாட்டில் வைத்த ஒவ்வொரு மூட்டையும், மறுபடி திறக்க நேர்ந்த ஒவ்வொன்றையும் குறித்துவைத்த நோட்டு. ஒரு சர்ஜனுக்கு ஆண்டுக்கு இரண்டு பேர் திரும்பி வந்தால் அதைத் தலைவிதி என்று விட்டுவிடுவார். நாடு முழுவதையும் ஒரே பக்கத்தில் எழுதினால்தான் அது சிமெண்டின் விதி என்று தெரியும். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஸ்வீடனும் நார்வேயும் போட்ட அந்தப் பதிவேடுகள்தான். 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்ற, உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை மூட்டைக் காட்டிக்கொடுத்ததும் இப்படிப்பட்ட நோட்டுகளே. அதில் உதிர்ந்தது கோபால்ட், குரோமியம். இந்தியர்கள் ஆயிரக்கணக்கானோர் உடம்பிலும் அது இருந்தது.

சார்ன்லி தன் நோயாளிகளிடம் இன்னொன்றும் கேட்டு வாங்கினார்: இறந்த பிறகு மூட்டைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற சம்மதம். பலர் தந்தார்கள். இருபது ஆண்டு நடந்த கிண்ணம் எந்தத் திசையில் எவ்வளவு குடைந்திருக்கிறது என்று அளக்க வேறு எந்தச் சோதனையாலும் முடியாது. நோய்த்தொற்றைக் குறைக்க அவர் நிறுவிய சுத்தக் காற்று தியேட்டரும் பின்னர் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களில் நடந்த ஒப்பீட்டில், ஆழமான நோய்த்தொற்று சாதாரண தியேட்டரில் 1.5 சதவீதம், மிகச் சுத்தமான காற்றோட்டத்தில் 0.6 சதவீதம் என்று 1982இல் முடிவு வெளிவந்தது. அந்த ஆண்டுதான் சார்ன்லி காலமானார்.

அவர் பார்க்காமல் போனது தூளின் இரண்டாம் வேலையை. 1970களின் நடுவிலிருந்து எக்ஸ்ரேக்களில் ஒரு விசித்திரம். மூட்டு நன்றாக இருக்கும், நோயாளி நன்றாக நடப்பார், ஆனால் தண்டைச் சுற்றி எலும்பு ஆங்காங்கே கரைந்து குமிழ் குமிழாகக் குழி விழுந்திருக்கும். குழி சிமெண்டை ஒட்டி இருந்ததால் பழி சிமெண்டின் மேல் விழுந்தது. 'சிமெண்ட் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். சிமெண்டே வேண்டாம் என்று, எலும்பு உள்ளே வளர்ந்து பிடித்துக்கொள்ளும்படி சொரசொரப்பான மேற்பரப்புள்ள தண்டுகளைச் செய்தார்கள். அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. சிமெண்ட் இல்லாத இடத்தில் எங்கிருந்து சிமெண்ட் நோய்?

குற்றவாளி கிண்ணத்திலிருந்து உதிர்ந்த பாலிதீன் தூள். கிருமியை விழுங்கும் ரத்த அணுக்கள் அந்தத் துகள்களையும் கிருமி என்றெண்ணி விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் அபாயச் சங்கு ஊதுகின்றன. அந்தச் சங்கைக் கேட்டு எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து வேலையைத் தொடங்கிவிடுகின்றன. டெஃப்ளானில் மூன்று ஆண்டில் நடந்த கூத்து இங்கே பதினைந்து ஆண்டில் நடந்தது. வேகம்தான் வித்தியாசம். டெஃப்ளானோடு பாலிதீனையும் சார்ன்லி தன் தொடையில் ஏற்றிப் பார்த்திருந்தார்; அது கட்டி தட்டாமல் போனதை நம்பியிருந்தது எவ்வளவு குறைவான சாட்சி என்று அப்போது புரிந்தது.

அதற்கு மேல் ஒரு நகைமுரண். கிருமி நீக்குவதற்காகக் கிண்ணங்களைக் காமா கதிரில் காட்டுவது வழக்கம். கதிர் பாலிதீன் சங்கிலியைத் துண்டிக்கிறது. துண்டான முனை துணை தேடித் தவிக்கிறது. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அதோடு சேர்ந்து, சங்கிலி மேலும் மேலும் அறுந்து, பிளாஸ்டிக் உள்ளிருந்தே மொறுமொறுவென்று ஆகிவிடும். காற்றுள்ள உறையில் வைத்துக் கதிர் காட்டி, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த கிண்ணம் உடம்புக்குள் போகுமுன்பே கிழடு. ஆக்சிஜன் இல்லாவிட்டால் கதை தலைகீழ். தவிக்கும் முனைகள் அடுத்த சங்கிலியோடு கை கோத்துக்கொள்கின்றன, நூல்கள் வலையாகின்றன, தேய்மானம் பல மடங்கு குறைகிறது. 1990களின் இறுதியில் இந்தக் குறுக்குப் பிணைப்புப் பாலிதீன் சந்தைக்கு வந்தது. மிச்சமிருக்கும் முனைகளை அடக்க உருக்கிப் பார்த்தார்கள், வலு கொஞ்சம் குறைந்தது. பிறகு வைட்டமின் ஈயைக் கலந்தார்கள். முகத்தில் தடவும் அதே வைட்டமின். இங்கேயும் அதற்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற வேலைதான். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் பதினாறு ஆண்டுக் கணக்கில், புதிய பாலிதீன் வைத்தவர்களுக்கு மறு ஆபரேஷன் பழையதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. அத்தையிடம் டாக்டர் சொன்ன "மெதுவா" இதுதான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அத்தையை எழுப்பி நிற்கவைத்தார்கள். சார்ன்லி காலத்தில் வாரக்கணக்கில் படுக்கை. பிசியோதெரபிஸ்ட் பெண் வாக்கரை முன்னே வைத்து, "பாட்டி, நல்ல காலை ஊன்றிக்கிட்டு..." என்று ஆரம்பித்ததும், "பாட்டியா?" என்று அத்தை முறைத்தது வேறு விஷயம். மூன்றாம் வாரம் வாக்கர் போய் கைத்தடி வந்தது. அத்தை அதை ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையிலேயே பிடித்தார். எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறோம். அது தப்பு.

ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்தில் உடம்பின் பாரம் மூட்டுக்கு உள்பக்கம் விழுகிறது. சரிந்துவிடாமல் இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசைக்குக் கிடைத்த நெம்புகோல் குட்டை என்பதால் உடம்பின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் விழுகின்றன. பெர்லினில் பெர்க்மன் குழு, உள்ளே அளவுமானியும் வானொலிக் கருவியும் வைத்த செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்குப் பொருத்தி நேரடியாகவே அளந்தது. சாதாரண நடையில் உடல் எடையைப் போல 2.4 மடங்கு. தடுக்கி விழப்போய்ச் சமாளித்த ஒரு நொடியில் எட்டு மடங்கு. தடியை எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால், மூட்டிலிருந்து அது தள்ளியிருப்பதால் லேசாக ஊன்றினாலே தசையின் வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒரு சாதாரணத் தடியைக் கை மாற்றிப் பிடிப்பது, மூட்டின் பாரத்தை அப்படிக் குறைக்கிறது.

நம் வீடுகளில் பெரிய சண்டை கைத்தடியோடு நடப்பதில்லை, தரையோடு நடக்கிறது. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, தொடையை வயிற்றோடு 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, தூங்கும்போது காலிடுக்கில் தலையணை. பின்பக்கமாகத் திறந்து வைத்த மூட்டில் இந்தக் கோணங்களில் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். சின்னப் பந்துக்கு அந்த ஆபத்து அதிகம். தேய்மானம் குறைந்த புதிய பாலிதீன் வந்ததால்தான் தூளைப் பற்றிய பயமில்லாமல் 32, 36 மில்லிமீட்டர் என்று பந்தைப் பெரிதாக்க முடிந்தது, நழுவுவதும் குறைந்தது. ஒரு மூலக்கூறின் குறுக்குப் பிணைப்பு, ஒருவர் பந்தியில் உட்கார முடியுமா என்பதில் வந்து நிற்கிறது. அத்தை வீட்டில் கமோடு வைத்தாயிற்று. கல்யாணப் பந்தியில் டேபிள் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்.

2019இல் 'லான்செட்' இதழில் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு போட்ட கணக்கு, இடுப்பு மாற்று மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டு நிற்கின்றன என்றது. அவை பழைய பாலிதீன் காலத்தவை. எலும்பு கரைவது வலி தராது. தண்டு ஆடத் தொடங்கிய பிறகுதான் வலிக்கும். அதற்குள் மறுபடி தண்டைப் பதிக்க எலும்பு மிச்சமில்லாமல் போகலாம். அதனால் வலி இல்லாவிட்டாலும் அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

போன மாதம் அதற்குத்தான் அத்தையைக் கூப்பிட்டேன். மாடிப்படியில் நின்றபடியே, "நல்லாத்தானே நடக்கிறேன், ஒரு வலி இல்லை, எதுக்குடா எக்ஸ்ரே?" என்றார். தடி இடது கையில், சரியான பக்கத்தில் இருந்தது.